உத்தரவின் இரண்டாவது வரி

— மெதுவாப் பேசுடி. மேனேஜர் ரூம் கதவு திறந்து கிடக்கு.

— கிடக்கட்டும்க்கா! எட்டு மாசமா ஆஸ்பத்திரி அழுக்குத் துணியெல்லாம் அலசிக்கிட்டு வாயை மூடிட்டு இருந்தேன். இன்னைக்கு ஊருக்கே கேக்கட்டும். கேஸ் ஜெயிச்சாச்சு! ஆபரேஷன் கருவிகளை ஆவியில வச்சுக் கிருமி நீக்குற அதே ரூம், அதே வேலை. மெஷின் மட்டும் புதுசு.

— சந்தோஷம்டி. டீ ஆறுது பாரு.

— குடிக்கறேன். ஆனா உங்க மேல கோபம் தீரல. என்னைத் துணி துவைக்க அனுப்பின உத்தரவை டைப் அடிச்சது இந்த விரல்தானே?

— ஆபீஸ் டைப்பிஸ்ட் வேற என்னடி பண்ணுவா? எனக்கெதுக்கு வம்பு?

— அன்னைக்கும் இதே பல்லவிதான். மெஷின்ல சூடே ஏறல, கருவிப் பொட்டலத்து மேல ஒட்டின டேப் சூடு பட்டாக் கறுக்கணும், கறுக்கல, இஸ்திரிப் பெட்டியை வச்சுத் தேய்ச்சுக் கறுப்பாக்கச் சொல்றாரு மேனேஜர்னு உங்ககிட்டதான் ஓடி வந்தேன். அந்தக் கத்தரிக்கோல் யார் வயித்துக்குள்ள போகுமோன்னு அழுதேன். நீங்க ஸ்டேப்ளரைத் தேடிக்கிட்டு இருந்தீங்க.

— நிஜமாவே காணோம்டி.

— அதான் நானே சுகாதாரத் துறைக்கு எழுதினேன். மூணாம் நாள் கையில உத்தரவு.

— கோர்ட்ல என்ன நடந்தது, அதைச் சொல்லு.

— புகார் கொடுத்தவங்களைப் பழிவாங்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்ல? ஆஸ்பத்திரி வக்கீல், 'சலவைக்கு ஆள் பத்தல, அதான் மாத்தினோம்'னு அளந்து விட்டாரு. எங்க வக்கீலம்மா எழுந்தாங்கக்கா. உத்தரவை நீட்டி, ரெண்டாவது வரியைப் படிங்கன்னாங்க. 'வெளியே புகார் அனுப்பியதால் இடமாற்றம் செய்யப்படுகிறார்.' கீழே மேனேஜர் கையெழுத்து, சீல்!

— மேனேஜர் என்ன சொன்னாரு?

— 'படிக்காம போட்டுட்டேன்'னு உளறினாரு. 'மெஷின் நல்லா ஓடுதுன்னு ரெஜிஸ்டர்லயும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டீங்களா?'ன்னு நீதிபதி கேட்டாங்க பாருங்க! நான் விழுந்து விழுந்து சிரிச்சேன், அப்புறம் அழுதுட்டேன்.

— கண்ணைத் துடைச்சுக்கோ.

— சரியான மடையன்க்கா! 'புகார் பண்ணினே, அதனால தூக்கறேன்'னு எவனாவது எழுதிக் கொடுப்பானா?

— அவரு எழுதலடி.

— பின்னே?

— ஏன் சார் மாத்தறீங்கன்னு கேட்டேன். 'வெளிய எழுதிப் போட்டாள்ல, அதுக்குத்தான். நீ நிர்வாகக் காரணம்னு அடி'ன்னாரு. பதினாலு வருஷமா நான் நீட்டின ஒரு பேப்பரையும் அவரு படிச்சதில்ல. பொய்யை அடிச்சு எனக்கெதுக்கு வம்புன்னு, உண்மையையே அடிச்சு நீட்டினேன்.