மாப்பிள்ளையைக் காப்பாத்தின கதை

இல்ல மாஸ்டர், ஃபீஸ்ல நான் வாயே திறக்கல பாருங்க. என்னைத் தெரிஞ்சவன் எவனாவது இதைக் கேட்டா, இவனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையான்னு நினைப்பான். பழைய மெஷின் வாங்கி விக்கிற ஆளு நான். அடுத்தவன் சொன்ன முதல் விலைக்குத் தலையாட்டினதா சரித்திரமே கிடையாது. உங்க கிட்ட மட்டும் நீங்க சொன்னதுதான். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. என் பேத்தியை இந்த வாரமே நீச்சல் கிளாஸ்ல சேத்துக்கணும். அடுத்த மாசம் பாக்கலாம்னு சொல்லிடாதீங்க. வர்ற ஞாயித்துக்கிழமை என் பொண்ணு அவளை என் கையில குடுத்து, அப்பா, கடலுக்குக் கூட்டிட்டுப் போய் நீச்சல் பழக்கிவிடுங்கன்னு நிக்கப்போறா. அதுக்குள்ள நீங்க ஆரம்பிச்சுட்டீங்கன்னா அந்தப் பேச்சே முடிஞ்சுது.

ஆமா, நான்தான். நீங்களும் கேள்விப்பட்டுட்டீங்களா. இந்தக் கரையோரத்துல ஒருத்தர் பாக்கி இல்ல போல. ஆமா ஆமா, மாப்பிள்ளையைக் கடல்லேர்ந்து இழுத்துட்டு வந்த மாமனார். உக்காருங்க மாஸ்டர், எதுக்கு எந்திரிக்கிறீங்க. கையெல்லாம் குடுக்க வேணாம்.

கோடை ஆரம்பத்துல ஒரு ஹோட்டல் மூடறாங்கன்னு போனேன். அடுப்பு வாங்கப் போன இடம். பேரம் முத்திப்போய், அவன் கடுப்புல, இதையும் எடுத்துட்டுப் போய்த் தொலைங்கன்னு ரெண்டு கயாக்கை என் தலையில கட்டிட்டான். அதான், ஒத்தை ஆள் உக்காந்து துடுப்புப் போடற பிளாஸ்டிக் படகு. ரெண்டும் ஒரே மஞ்சள் கலரு. ஒண்ணுல நான். இன்னொண்ணு சும்மா கிடந்தா எனக்குத் தூக்கம் வராதே. அதுல மாப்பிள்ளையைப் பிடிச்சு உக்கார வச்சேன்.

அவரு ரத்தப் பரிசோதனை பண்ற இடத்துல வேலை பாக்கறாரு. ஊசி குத்தினாலும் வலிக்காது, வாயைத் திறந்தாலும் கேக்காது. அப்படி ஒரு மனுஷன். எனக்கு அந்த ரக ஆளுங்களைக் கண்டாலே பத்திக்கிட்டு வரும். வாரா வாரம் விடியறப்ப கிளம்பி, கரையை ஒட்டியே போய், பாறை முனையைத் தாண்டித் தூண்டில் போடுவோம். கோடை முழுக்க அதுதான். மீன் மாட்டுதோ இல்லையோ, என் வாய்க்கு அவரு மாட்டுவாரு. மாப்பிள்ளையாச்சே, வாடா போடான்னு சொல்ல முடியுமா. மரியாதை குடுத்துத்தான் திட்டணும். என்னங்க மாப்ள, கண்ணு முதுகுலயாங்க இருக்கு, உங்களுக்குத் துடுப்பு எதுக்குங்க, கரண்டி போதாதாங்கன்னு. பக்கத்துப் படகுக்காரங்க சிரிப்பாங்க. அவரும் சேந்து சிரிப்பாரு. அதுல எனக்கு இன்னும் ஏறும்.

ஆனா மீன் அவருக்குத்தான் விழும், அதையும் சொல்லிடணும். சத்தமே இல்லாம ஒரு கொடுவாவை இழுத்துப் போட்டுட்டு, அதை என் கூடைக்கு மாத்தி விட்டுடுவாரு. நானும் வீட்ல போய் நான் பிடிச்சதுன்னு அளந்து விடுவேன்.

அன்னைக்குக் காத்து மாறிப்போச்சு. வேற படகு எதுவும் வரல. தண்ணி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு ஓடுது. நகராம ஒரு இடத்துல நிக்கணும்னா சின்ன நங்கூரம் போடுவோம். அதைப் படகோட மூக்குல கட்டணும், இல்ல வாலுல கட்டணும். விலாவுல கட்டினா, ஓட்டம் வந்து மோதறப்ப கயிறு பக்கவாட்டுல இழுத்து ஆளோட புரட்டிடும். விலாவுலதான் கட்டியிருந்துச்சு. புரட்டிடுச்சு. லைஃப் ஜாக்கெட்டா? வேர்க்குதுன்னு கழட்டி சீட்டுக்குப் பின்னாடி சொருகியாச்சு. மீதிதான் ஊரே சொல்லுதே.

கரையில என் பொண்ணு நின்னுட்டிருந்தா. பாறை மறைச்சதுல அவளுக்கு ஒண்ணும் தெரியல. நாங்க ரெண்டு பேரும் மணல்ல வந்து விழுந்ததும் ஓடி வந்து, என்ன ஆச்சுன்னு அலறினா. மாப்ள மூச்சு வாங்கிக்கிட்டே, நான் கவுந்துட்டேன், மாமா இல்லேன்னா நான் இல்லைன்னாரு. அவ்வளவுதான். கரையில இருந்தவங்க எல்லாம் கை தட்டறாங்க, ஃபோட்டோ எடுக்கறாங்க. என் கடைப் பசங்க அதைப் பெருசு பண்ணி சுவத்துல மாட்டியிருக்கானுங்க. தினம் அதுக்குக் கீழ உக்காந்துதான் பேரம் பேசறேன். முன்ன மாதிரி வாய் வரமாட்டேங்குது.

அன்னையிலேர்ந்து அவரைத் துடுப்பைத் தொட விடல என் பொண்ணு. வாரம் முழுக்க அடுத்தவங்க ரத்தத்தை எடுத்துட்டு, அந்த ஒரு காலைக்காகத்தான் அந்த மனுஷன் காத்துக்கிட்டிருப்பாரு, எனக்கே தெரியும். இப்ப ஞாயித்துக்கிழமையானா பால்கனியில துணி காயப் போடறாரு. நானும் போறதில்ல, இடுப்பு வலின்னு சொல்லி வச்சிருக்கேன். சாப்பிடறப்பக் கூட விடமாட்டா. எங்கப்பா இல்லேன்னா என் கதி என்னன்னு குழந்தை முன்னாடியே கேப்பா. அவரு தட்டைப் பாத்துக்கிட்டே, ஆமாம்பாரு. நான் தண்ணி குடிப்பேன். இப்போ குழந்தையை அவரை நம்பித் தண்ணிப் பக்கமே விடமாட்டேன், எங்கப்பாதான் பழக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா.

அதான் உங்க கிட்ட வந்தேன். வீட்டு ஆளுங்க பழக்கினா குழந்தை செல்லம் கொஞ்சும், முறையா இங்கதான் பழகணும்னு நீங்க ஃபோன்ல ஒரு வார்த்தை சொன்னா அவ அடங்கிடுவா.

என்னது, முதல் நாள் வீட்டு ஆளு ஒருத்தர் குழந்தையோட தண்ணியில இறங்கணுமா? எதுக்கு, நீங்கதான் இருக்கீங்களே. ரூல்ஸாவது ஒண்ணாவது, உங்க தொட்டி, நீங்க வச்சதுதானே சட்டம். சிரிக்காதீங்க மாஸ்டர். கடல்ல குதிச்சவருக்கு இந்தத் தொட்டி என்னன்னு கேக்காதீங்க. வேணாம்னா வேணாம்னு விடுங்களேன்யா.

சத்தம் போட்டுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்திடறேன்.

எனக்கு நீச்சல் தெரியாது மாஸ்டர்.

கவுந்தது என் படகு. மூக்குல கட்டுங்க மாமான்னு அவரு சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு. எனக்கே பாடமான்னு வேணும்னே விலாவுல கட்டினேன். நான் உள்ள போனதும் அவரு குதிச்சு வந்தாரு. நான் என்ன பண்ணேன்? அவரு கழுத்தைப் பிடிச்சு அமுக்கி, அவரு மேல ஏறி மூச்சு வாங்கினேன். அவரையும் சேத்து மூழ்கடிக்கப் பாத்தேன். அப்படியும் அவரு என்னை விடல. கழுத்துல என் நகம் கீறினது இன்னும் ஆறல. பாறையில உரசிடுச்சுன்னு என் பொண்ணுகிட்டச் சொல்லி வச்சிருக்காரு. மணல்ல கிடந்தப்ப என் வாயில உப்புத்தண்ணிதான் வந்துச்சு, பேச்சு வரல. பேச்சு வந்தப்ப எல்லாரும் கை தட்டிட்டிருந்தாங்க.

சொல்லணும். சொல்லாம எங்க போறது. தினம் தொண்டை வரைக்கும் வருது.

இங்க சேக்கறதுகூட அவரு யோசனைதான். கிளாஸ்ல போட்டுட்டா உங்களுக்குச் சங்கடம் வராது மாமான்னாரு. வெளிய வண்டியில குழந்தையை வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. நிழல் பாத்து நிறுத்தக்கூடத் தெரியாதான்னு அவரைக் குழந்தை முன்னாடியே கத்திட்டுத்தான் உள்ள வந்தேன்.