டாக்டர் சொன்ன காடு

மும்பை செம்பூரில் லோக்கல் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். மூத்தவளின் கணவர் ஐசியூவில் இருப்பதும், இளையவள் அவருடைய தங்கை என்பதும் பேச்சில் தெரிந்தது. இளையவளின் போனுக்கு டாக்டரிடமிருந்து செய்தி வந்தது.

“மதினி, அண்ணன் ‘அவுட் ஆஃப் த வுட்ஸ்’னு டாக்டர் போட்டிருக்காரு.”

“அப்படின்னா என்னட்டி?”

“வுட்ஸ்னா காடு...”

“ஐயோ, சுடுகாடா?”

மூத்தவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். இளையவள் பதறிப்போய் டாக்டரையே போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள். ஆபத்து நீங்கிவிட்டது, நாளைக்கு வார்டுக்கு மாற்றிவிடலாம் என்று அவர் ஹிந்தியில் சொன்னார்.

“ஹிந்தியில சொன்னா எனக்கே வெளங்குதே! அந்த மனுசன் எதுக்குட்டி காட்ட இழுத்தாரு?” என்று கேட்டுவிட்டு, மூத்தவள் மறுபடியும் அழுதாள்.