மாமனார் சிரித்த படம்

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு இளம் ஜோடி. கணவன் மடியில் பெரிய ஃபிலிம் கேமரா.

"எங்கப்பா உள்ள மாட்டிக்கினாரு, நீ இன்னா சும்மா உக்காந்துனு இருக்க?" என்றாள் மனைவி. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"லென்ஸ் ஜாம் ஆயிடுச்சுடி. கழட்ட வரல."

"இழுக்காத. பின்னாடி இருக்கற ஃபிலிம் டப்பாவ தொறக்காம அப்படியே கழட்டிட்டு, உள்ள இருக்கற ஸ்க்ரூவ வலது பக்கம் திருப்பணுமாம். ஃபோன்ல போட்டிருக்கு."

அவள் கொடுத்த நெயில்கட்டர் முனையால் திருப்பினான். டக்கென்று சத்தம். லென்ஸ் கையோடு வந்தது.

"அப்பாடா! ஜென்மத்துல சிரிக்காத மனுஷன் இன்னிக்குதான் சிரிச்சாரு. படம் பத்திரமா இருக்குதில்ல?"

"எங்க எடுத்தேன்? லென்ஸோட நான் மல்லுக்கட்டுறதப் பாத்துதான் உங்கப்பா சிரிச்சாரு."

"அப்போ மறுபடியும் ஜாம் பண்ணு. மாதனூர்ல எறங்கி அப்பாகிட்டயே திரும்பிப் போலாம்."