ஒப்புதலுக்குக் காத்திருப்பவை

எனக்குக் கம்ப்யூட்டர் யாரும் சொல்லித் தரவில்லை, மேடம். மேற்குத் தாம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அங்கே உட்கார்ந்து, மற்றவர்கள் செய்த பக்கங்களுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். வேலை என்னவோ குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க். ஆனால் மனசு முழுக்க இதில்தான்.

கீழ்க்கட்டளையில் எங்கள் காலனிக்கென்று ஒரு இணையதளம் நடத்துகிறேன். தண்ணீர் லாரி வரும் நேரம், கரண்ட் போகும் நாள், பள்ளிக்கரணையில் நான் எடுத்த பூநாரைப் படங்கள். ஒரு நாளைக்குப் பதினோரு பேர் வருவார்கள். அதில் ஒன்பது தடவை வருவது நான்தான். மிச்சத்தில் ஒருவர் ஸ்ரீநிவாசராகவன் சார், எதிர் வரிசையில் குடியிருந்த ரிட்டயர்டு கணக்கு வாத்தியார்.

தளத்தின் பொத்தான்களையெல்லாம் நான் தமிழில் மாற்றி வைத்திருந்தேன். யாராவது கருத்து எழுதினால் உடனே வெளியே தெரியாது. நான் பார்த்து அனுமதித்தால்தான் தெரியும். அந்தப் பொத்தானுக்கு முதலில் 'சரி' என்று போட்டிருந்தேன். சார்தான் வீட்டுக்கு வந்து மாற்றச் சொன்னார். "ஒப்புதல்னு போடு, குமரேசா. அதுல ஒரு பொறுப்பு இருக்கு." அந்தச் சொல் அவர் கொடுத்தது. நீங்கள் அந்தத் தாளின் தலைப்பில் 'ஒப்புதல் வாக்குமூலம்' என்று எழுதும்போது அவர் நினைவு வந்தது.

போன வருஷம் அவருக்கு மறதி வந்தது. நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பால் வாங்கப் போனவர் திரும்பவில்லை. சாவித்ரி மாமியும் மகள் மிருதுளாவும் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டு நேரே என்னிடம் வந்தார்கள். அரை மணி நேரத்தில் 'காணவில்லை' பக்கத்தை முடித்துவிட்டேன். நான் செய்ததிலேயே நல்ல பக்கம் அதுதான். மறுநாள் நாலாயிரம் பேர் பார்த்திருந்தார்கள்.

முதலில் மிருதுளாவின் போன் நம்பரைப் போட்டிருந்தேன். எவனோ கூப்பிட்டுக் கிண்டல் செய்தான், மாமி அழுதுவிட்டார். நம்பரை எடுத்துவிட்டேன். தகவல் எதுவானாலும் தளத்தில் எழுதட்டும், நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். இருவரும் எனக்கு நன்றி சொன்னார்கள்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மாமியும் மிருதுளாவும் என் வீட்டுக்கு வருவார்கள். இரண்டு மடக்கு நாற்காலி வாங்கிப் போட்டேன். மாமி ஒரு டப்பாவில் சுண்டலோ உப்புமாவோ கொண்டுவருவார். உட்கார்ந்ததும் ஒரே கேள்விதான். "இன்னிக்கு ஏதாவது வந்திருக்கா, குமரேசன்?" நான் திரையைக் கீழே தள்ளித் தள்ளி ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுவேன். என் வீட்டுக்கு அதற்கு முன் அப்படி யாரும் வந்ததில்லை. நான் செய்ததை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது எப்படியிருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தேன், மேடம். மறைக்க என்ன இருக்கிறது.

ஐந்தாம் நாள் ஒன்றும் வரவில்லை. மாமியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதனால் மறுநாள் நானே ஒன்று எழுதினேன், செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் இவரைப் போல ஒருவரைப் பார்த்ததாக. மாமி அன்றைக்கு இரண்டு வாய் சாப்பிட்டாராம், மிருதுளா சொன்னாள். நல்லதுதானே என்று பட்டது.

மெட்டில்டா என்ற பெண் எழுதியது ஏழாம் நாள் காலை. ஸ்டோர்ஸில் நின்றபடி போனில் படித்தேன். வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. "சார், போட்டோல கீற பெரியவரு எங்க இட்லிக் கடையாண்டதான் குந்திகினு கீறாரு. வண்டலூர் ஸ்டேஷன் படிக்கட்டு. சாவித்ரி சாவித்ரின்னு கூப்புட்றாரு. வந்து இட்டுகினு போங்க."

மாமியின் பெயரை நான் பக்கத்தில் எங்கேயும் போடவில்லை. அதனால் அது உண்மை என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

விரலை ஒப்புதல் பொத்தானுக்கு மேலே வைத்திருந்தேன். அப்போது அந்த நாற்காலிகள் நினைவுக்கு வந்தன. சார் வீட்டுக்கு வந்துவிட்டால் அந்தப் பக்கத்துக்கு இனி என்ன வேலை. மாமி ஒரு நாள் வந்து ஸ்வீட் கொடுப்பார், அதோடு சரி. அந்த இட்லிக் கடை அம்மாள் எப்படியும் சாப்பாடு போடுவாள், ஒரு நாள் போகட்டும் என்று போனைப் பையில் வைத்துக்கொண்டேன். இன்னும் ஒரு சாயங்காலம், அவ்வளவுதான் கேட்டேன்.

மறுநாளும் அதையே நினைத்தேன். அன்று மிருதுளா, நான் எழுதியதை நம்பி, பல்லாவரத்தில் ரயில் ஏறிச் செங்கல்பட்டுக்குப் போய்ப் பகல் முழுக்கத் தேடிவிட்டு வந்தாள். அந்த ரயில் வண்டலூரில் அரை நிமிடம் நின்றுதான் போகும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாளா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் மழை பிடித்தது. மெட்டில்டா மறுபடி எழுதினாள். "யாரும் வர்ல சார். மழைல நனைஞ்சி பெரியவருக்கு ஜொரம் கொதிக்குது. போலீசாண்ட போனா என் கடைய எடுக்க சொல்லுவாங்க. நீங்களே சொல்லிடுங்க." அதையும் படித்தேன். ஒப்புதல் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சிவப்பு வட்டத்துக்குள் இரண்டு என்று காட்டியது. மாமி பக்கத்தில் உட்காரும்போது கண்ணில் படாமலிருக்க, திரையில் அந்த வட்டத்தின் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி வைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் மூன்றாவது வந்தது. "காலைல கண்ண தொறக்கல சார்."

அன்று சாயங்காலம் மாமி கொண்டைக்கடலைச் சுண்டல் கொண்டுவந்திருந்தார். சாருக்கு அது பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டே தட்டில் போட்டார். நான் சாப்பிட்டேன்.

போலீஸ் கூப்பிட்டு, மாமியும் மிருதுளாவும் ஆஸ்பத்திரியில் உடலை அடையாளம் காட்டப் போனபோது மெட்டில்டா அங்கே நின்றிருக்கிறாள். மூன்று தபா எழுதினேன் என்று அழுதாளாம். மிருதுளா நேரே என் வீட்டுக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. "அண்ணா, அது வந்ததா?" என்று மட்டும் கேட்டாள். சர்வரில் ஏதோ பிரச்சினைம்மா என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. திரையில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தாள். எழுந்து போய் அதை உரித்தாள்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். கண்ணை மூடினால் அந்தச் சிவப்பு வட்டம்தான் தெரிகிறது, மேடம். குளிக்கும்போதும் தெரிகிறது. இந்த ஸ்டேஷன் அறைச் சுவரிலும் இருக்கிறது, உங்களுக்குத்தான் தெரியாது.

பாஸ்வேர்டு எழுதித் தருகிறேன். எதையாவது அழித்தேனா என்று கேட்டீர்கள். அழிப்பது என் வழக்கமில்லை. மூன்றும் அங்கேயே இருக்கின்றன. மூன்றையும் வந்த நிமிடமே படித்தேன், ஒன்றையும் யாருக்கும் காட்டவில்லை. ஐந்து நாள் அவர் உயிரோடு அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார், அது எனக்குத் தெரியும். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடுகிறேன். மணி ஐந்தே முக்கால் ஆகிவிட்டது, கொஞ்சம் சீக்கிரம் விட்டால் நல்லது. மாமி வந்து கதவு பூட்டியிருப்பதைப் பார்த்தால் பாவம், தனியாக என்ன செய்வார்.