பதிமூன்று பெருக்கல் குறிகள்

இந்தக் கவிதைநூல் வெளியீட்டு விழாவின் தலைமைப் பொறுப்பைத் தாங்கி, என் பேச்சையும் தாங்கவிருக்கும் தமிழாசிரியர் பழமலைநாதன் ஐயா அவர்களே! முன்வரிசையை எவருக்கும் விட்டுத்தராத மூத்தோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அரங்கை நிறைத்திருக்கும் அன்னையர்களே! நல்லூரிலிருந்தும் திட்டக்குடியிலிருந்தும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கவிதைக் காதலர்களே! வணக்கம்.

நான் கலியமூர்த்தி. புலவனல்லன், பீங்கான் கம்பெனியில் தரம் பிரிப்பவன். சூளையிலிருந்து வரும் கோப்பையைத் தட்டிப் பார்ப்பேன். நல்லதென்றால் பென்சிலால் ஒரு கோடு. விரிசலென்றால் பெருக்கல் குறி. குறி விழுந்தது உடைப்புக் குவியலுக்குப் போகும். இருபது ஆண்டுப் பழக்கம்!

எங்கள் கம்பெனியில் கோப்பைக்குப் பூ வரையும் தங்கை வேல்விழிதான் இன்றைய நூலாசிரியர். ஒருநாள் நாற்பது கவிதைகளை நீட்டி, "படிச்சிட்டுச் சொல்லுங்கண்ணே" என்றார். படித்தேன், பரவசப்பட்டேன், பல இடங்களில் பல்லைக் கடித்தேன்! 'மௌனத்தின் விளிம்பில் வழிகிறது வெறுமை' என்றொரு வரி. விளிம்பு தெரியும், வழிவதும் தெரியும். வெறுமை எப்படியம்மா வழியும்? அங்கே சிரிக்கும் எங்கள் சூளைக்காரர் காஸ்பரே, உங்களுக்கும் தெரியாது! ஆனால் பிரசவ வார்டு வாசலில், செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்கும் கணவனை எழுதியிருந்தாரே! அழுதேன் ஐயா, அழுதேன்!

அப்புறம் என்ன செய்தேன்? பழக்கதோஷம்! பதிமூன்று கவிதைகளுக்குப் பெருக்கல் குறி போட்டு அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தக் குறிக்கு எங்கள் தரம் பிரிக்கும் கொட்டகையில் ஒரே பொருள்தான்: உடை! அது அவருக்குத் தெரியாதா?

மறுநாள் வேல்விழி வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. எழுதியதையெல்லாம் எரித்துவிட்டாரோ? இனி எழுதவே மாட்டாரோ? எனக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் வந்தார். ஓடிப்போய், "மன்னிச்சிக்கம்மா" என்றேன்.

"எதுக்குண்ணே? புள்ளைக்கு ஜுரம், அதான் வரல. ரெண்டு வருஷமா யாருகிட்ட குடுத்தாலும் 'சூப்பரா இருக்குது'ன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. ஒருத்தரும் படிக்கலன்னு தெரிஞ்சிபோச்சி. நீங்கதாண்ணே படிச்சீங்க."

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது எனக்கு!

பதிமூன்றில் ஒன்பதை அவரே கிழித்தார். மூன்றைத் திருத்தினார். வெறுமை வழிவதை மட்டும், "இத தர மாட்டேண்ணே" என்று வைத்துக்கொண்டார். அது எனக்கு இன்றும் புரியவில்லை. இதோ, அவர் எதிரிலேயே சொல்கிறேன்; அவரும் சிரிக்கிறார்!

அன்பர்களே! நூலை வாங்கி அலமாரியில் வைப்பதா வாழ்த்து? வாய் நிறையப் புகழ்வதா வாழ்த்து? படியுங்கள்! பிடித்ததைச் சொல்லுங்கள்; பிடிக்காததையும் அவரிடமே சொல்லுங்கள்! அவர் தாங்குவார், அதற்காகத்தான் அவர் இரண்டு வருடம் காத்திருந்தார்.

ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒரு பாராட்டுரையை முடித்துவிட்ட நிம்மதியோடு, பொறுத்துக் கேட்ட உங்களைக் கைகூப்பி வணங்கி அமர்கிறேன். நன்றி!