கழன்று கிடந்த பெல்ட்

கிருஷ்ணகிரி பஸ் மூக்கண்டப்பள்ளியைத் தாண்டியதும், முன் இருக்கையில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"நான் தனியாத்தான் ஓட்டினேன் அக்கா. இறங்குறப்போ பார்த்தா ஒரு சீட்டு பெல்ட் கழண்டு கிடக்குது."

பேசியவள் விமானம் ஓட்டப் பழகுகிறவள். வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை. பக்கத்தில் கம்பெனிச் சீருடையில் அவள் அக்கா.

"பூட்ட மறந்திருப்படி."

"கிளம்புறதுக்கு முன்னாடி மூணு காலி சீட்டு பெல்ட்டையும் பூட்டி, இழுத்தும் பார்த்தேன். தரையிறக்கி, இன்ஜினை நிறுத்திட்டு மறுபடி எல்லாத்தையும் பார்க்கணும். அப்பத்தான் கண்ணுல பட்டுச்சு."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"சொல்லித்தானே ஆகணும்? மெக்கானிக் அண்ணன்கிட்ட, ஒரு பெல்ட் கழண்டிருந்துச்சுன்னு மட்டும் சொன்னேன்."

"சிரிச்சிருப்பாரே?"

"சிரிக்கல. எந்த சீட்டுன்னும் கேக்கல. நேராப் போயி, பின்னாடி இடது பக்க சீட்டைத் தொட்டு, 'இன்னைக்கும் இதுதானா?'ன்னாரு. அதேதான் அக்கா."

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு லீவு போட்டுடு."

"போட்டா, எனக்குப் பதிலா என் ஃப்ரெண்டு அந்த பிளேன்ல தனியாப் போவா. அவளுக்கு இது எதுவும் தெரியாது."