நண்டின் ஓட்டத்தைத் திருத்தியவள்

பெரும்பாலானவர்கள் ஓடும்போது காலைத் தேவைக்கு மேல் எட்டி வைக்கிறார்கள். குதிகால் உடம்புக்கு முன்னால் போய்த் தரையில் மோதுகிறது. ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் பிரேக் போட்டுக்கொண்டே ஓடுகிற மாதிரிதான் அது. அதைக் கண்டுபிடித்துச் சொல்வது ஷூ கடையில் என் வேலை. வருகிறவரை டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பக்கத்தில் நின்று வீடியோ எடுப்பேன். பிறகு அந்த வீடியோவை மெதுவாக ஓட்டிக் காட்டுவேன். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ஐயோ, நானா இப்படி ஓடுறேன்?"

நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள், மேடம். எழுதுகிறேன். என் தங்கையின் கால் முறிந்ததற்கு அவளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்த மாஸ்டர் காரணமில்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கண்ணால் பார்க்காமல் அவளை ஓடவிட்டார் என்று உங்கள் விசாரணைக் குழு அவரை வேலையிலிருந்து நிறுத்தியது. அது தெரிந்தும் பதினோரு நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். முதல் வெட்கம் அது. மற்றவை பின்னால் வரும்.

தங்கையை வீட்டில் நண்டு என்போம். ஓடும்போது அவளுடைய வலது கை தனியாகக் கிளம்பிப் பக்கவாட்டில் போகும். தலை ஒரு பக்கம் சாயும். குதிகால் தொம் தொம்மென்று விழும். பார்த்தால் கடன்காரன் துரத்துகிறானோ என்று தோன்றும். நான் அப்படியில்லை. எட்டு வருஷம் ஓடினேன். புதிதாகச் சேர்கிறவர்களிடம் மாஸ்டர் என்னைக் காட்டி, "இவள பாருங்க, தோள் அசையுதா?" என்பார். அப்பா பஸ் டிப்போ மெக்கானிக். வேலை முடிந்து கை கிரீஸோடு மைதானத்துக்கு வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்குடி உன் ஓட்டம்" என்பார். ஆனால் நான் வந்ததெல்லாம் நாலாவது, ஐந்தாவது.

நண்டு ஓட ஆரம்பித்த இரண்டாம் வருஷமே முதலாவதாக வந்தாள். அதற்கப்புறம் அப்பா வேலியோரம் நின்றால் என் பக்கம் திரும்பவில்லை. அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? ஜெயிக்கிற பிள்ளையைத்தானே யாரும் பார்ப்பார்கள். நான் ஓட்டத்தை விட்டுவிட்டுக் கடையில் சேர்ந்தேன்.

தேசிய முகாமுக்கான தேர்வுப் பந்தயத்துக்கு ஐந்து வாரம் இருந்தபோது அவளே என்னிடம் வந்தாள்.

"அக்கா, கடைசி ரெண்டு சுத்துல தெம்பே இருக்க மாட்டேங்குது. இந்தக் கை வீணா அலையறதாலதான்னு எல்லாரும் சிரிக்கறாங்க. என்னையும் உன்ன மாதிரி ஓட வையேன்."

நான் சொல்லிக்கொடுத்ததில் எதுவும் தவறில்லை. யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள். அடியைச் சின்னதாக்கச் சொன்னேன். நிமிஷத்துக்கு நூற்றறுபது அடி வைத்தவளை நூற்றெண்பதுக்குக் கொண்டுவர, போனில் டிக் டிக்கென்று தாளம் பதிந்து கொடுத்தேன். குதிகாலை விட்டுவிட்டு முன்பாதத்தில் இறங்கச் சொன்னேன். இடுப்பை மடக்காமல் கணுக்காலிலிருந்து லேசாகச் சாயவும் கையை நேராக வீசவும் பழக்கினேன். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில்.

கடையில் வாடிக்கையாளருக்குக் கொடுக்க ஒரு தாள் உண்டு. எழுதியது நான்தான். அதன் அடியில் தடித்த எழுத்தில் இருக்கும்: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதல் மாதம் தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள். சதை சீக்கிரம் பழகிவிடும், எலும்பு பழக மாதக்கணக்காகும். நண்டுக்குக் கொடுத்த தாளில் அந்தப் பகுதியைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டேன். அவள் பையில் மடங்காமல் வைக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான் வெட்டினேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் தூரத்தைக் குறைக்கவில்லை. மாஸ்டர் கவனித்துவிட்டு, "பந்தயம் முடியட்டுமே, இப்ப எதுக்கு இதெல்லாம்?" என்றாராம். "அக்கா சொல்லிக்கொடுக்கறாங்க மாஸ்டர்" என்றாளாம். "அவளா? அப்ப சரி" என்று விட்டுவிட்டார். மனுஷர் என்னை அவ்வளவு நம்பினார்.

நாலாம் வாரம் ஒருநாள் காலை நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது சமையல் மேடைமேல் ஏறி உட்கார்ந்து, "இங்க வலிக்குதுக்கா" என்றாள். கடையில் இத்தனை வருஷத்தில் நான் கவனித்த ஒன்று உண்டு. சதை வலியென்றால் உள்ளங்கையால் தடவிக் காட்டுவார்கள். எலும்பில் கோளாறு என்றால் ஒரே விரலால் தொட்டுக் காட்டுவார்கள். அப்படிக் காட்டுகிறவருக்கு நான் ஷூ விற்பதில்லை, நேரே டாக்டரிடம் போகச் சொல்லிவிடுவேன். நண்டு முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பின்மேல், ஆள்காட்டி விரலை வைத்தாள்.

"புது ஓட்டம் இல்லியா, சதை அப்படித்தான் இழுக்கும். பொறுத்துக்கோ" என்றேன். காயை நறுக்கி முடித்தேன்.

ஸ்கேன் எடுக்கச் சொன்னது மாஸ்டர்தான். அதை உங்கள் அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள். நண்டைக் கூட்டிப்போனவள் நான், அங்கே கொடுத்த போன் நம்பரும் என்னுடையது. பந்தயத்துக்கு நாலு நாள் முன்னால், கடையில் இருந்தபோது, போனில் ரிப்போர்ட் வந்தது. ஒரு பெரியவரின் ஷூ கயிற்றை முடிந்துகொண்டிருந்தேன். முடித்துவிட்டுப் பார்த்தேன். எலும்பில் விரிசல் என்றும், ஓட்டத்தை உடனே நிறுத்த வேண்டும், காலில் பாரம் கொடுக்கக் கூடாது, தவறினால் முழுதாக முறியலாம் என்றும் இருந்தது. இன்னொரு தடவை படித்தேன். பிறகு அந்தப் பெரியவரிடம் ஷூ பிடிக்கிறதா என்று விசாரித்தேன்.

வீட்டுக்குப் போய், "எலும்புல ஒண்ணும் இல்லையாம். சதைப் பிடிப்புதானாம்" என்றேன். சந்தோஷத்தில் அவள் அந்தக் காலிலேயே குதித்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள். மாஸ்டரிடமும் அவளே போய் அப்படிச் சொன்னாள்.

ஆரம்பத்தில் நான் நினைத்தது ஒரு சின்னக் காயம்தான். அவள் முகாமுக்குப் போவது ஒரு வருஷம் தள்ளிப்போகும், அவ்வளவுதான் என்று கணக்குப் போட்டேன். சொந்தத் தங்கைக்கு எந்த அளவு காயம் போதும் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறேன். எழுதக் கை கூசுகிறது. ரிப்போர்ட்டைப் படித்த பிறகு அந்தச் சாக்கும் எனக்கு இல்லை.

பந்தயம் காலை ஏழு மணிக்கு. அப்பா பக்கத்தில் நின்றேன். ஏழாவது சுற்றில் நண்டு முன்னால் வந்தாள். கை நேராகப் போய் வந்தது. தலை ஆடவில்லை. காலடிச் சத்தமே இல்லை. அப்பா வேலியிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். "நீ ஓடற மாதிரியே இருக்குடி. நீ சொல்லிக்கொடுத்ததா?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. ஆமாம்பா என்றேன். அந்த நேரத்தில் கை தட்டி அவளை நிறுத்தியிருக்கலாம். கூப்பிட்டால் காதில் விழுகிற தூரம்தான். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும் என்று நின்றேன்.

அடுத்த வளைவில் முறிந்தது. மரக்கிளை ஒடிகிற சத்தம், எங்களுக்கே கேட்டது. அவள் விழுந்த இடத்திலிருந்து என் பெயரைத்தான் கூப்பிட்டாள்.

காலுக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். நடப்பாள், இனி ஓட மாட்டாள் என்கிறார் டாக்டர். ஆஸ்பத்திரியில் நீங்கள் விசாரித்தபோது அவள் சொன்னதை என்னிடம் படித்துக் காட்டினீர்கள்: "அக்கா மேல தப்பில்ல. அந்த ரிப்போர்ட்ல இருக்கறதெல்லாம் யாருக்குப் புரியும்? தப்பாப் படிச்சிருப்பாங்க. தெரிஞ்சிருந்தா என்னை ஓட விடுவாங்களா?" இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டீர்கள். நான் சரியாகத்தான் படித்தேன். தெரிந்துதான் ஓடவிட்டேன்.

மாஸ்டரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு என்ன தண்டனையோ கொடுங்கள், எதிர்த்துப் பேச மாட்டேன். ஒன்றே ஒன்று, மேடம். இந்தத் தாளை நண்டும் அப்பாவும் பார்க்க வேண்டாம். தப்பாகப் படித்துவிட்டேன் என்றே அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அவர்களால் இதைத் தாங்க முடியாது. எனக்காக நான் எதுவும் கேட்கவில்லை.